அதிகம் ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கலாமா?

(செமினியில் பதிவான தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் கேள்வி கேட்கிற ஆள். மைக்கை அடுத்தவரிடம் நீட்டிவிட்டு ஓரமாக நிற்பதுதான் என் பிழைப்பு. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம், எங்கள் தயாரிப்பாளருக்கு என்னுடைய பழைய கார் கதை தெரியும்!

சற்றுமுன் மண்டப வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். "அக்கா, ஒரு கார் பாத்து வச்சிருக்கேன். நிசான் ஃபேர்லேடி இசட், 2004. ஒரு லட்சத்து 68 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. 65 ஆயிரம் வெள்ளி சொல்றாங்க. வாங்கலாமா? அம்மா ஒரு வாரமா என்கிட்ட பேசறதில்ல" என்றார். கைப்பேசியில் படத்தைக் காட்டினார். சிவப்பு நிறம். அழகான கார்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பி பாங்கியில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் தம்பி, இன்றைய பேச்சே உங்களுக்காகத்தான்.

நான் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. 2002-இல் நான் முதலாம் படிவ மாணவி. அந்த ஆண்டுதான் நம் நாட்டின் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரை ஓட்டி, தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். பத்திரிகையில் வந்த அவர் படத்தை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் தாமானில் ஓர் அண்ணன் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வைத்திருந்தார். பின்புறம் 'லோட்டஸ்' பெயர் போட்ட அந்தச் சின்னக் கார் மூலையில் திரும்பும் சத்தம் கேட்டால், நான் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடுவேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் புத்தி" என்று அம்மா கத்துவார்.

அந்தப் புத்தி போகவில்லை. 2013-இல் மாஸ் காம் டிப்ளோமா முடித்து, வேலைக்குச் சேர்ந்து, 24 வயதில் நானும் ஒரு சத்ரியா ஜிடிஐ வாங்கினேன். 2001 மாடல். விலை 27 ஆயிரம் வெள்ளி. ஐயாயிரம் முன்பணம், மீதி வங்கிக் கடன். அப்பாதான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் வீடமைப்பாக மாறிய பிறகு பாதுகாவலர் வேலைக்குப் போனவர். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "வண்டி நல்லா இருக்காம்மா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மீட்டர் 92 ஆயிரம்தான்ப்பா காட்டுது. இந்த வயசுக் காருக்கு ரொம்பக் கம்மி" என்றேன்.

மறு ஆண்டு, லேக்காஸ் நெடுஞ்சாலையில், செமினி வெளிவழிக்குக் கொஞ்சம் முன்னால், எஞ்சின் சட்டென்று செத்துவிட்டது. இழுவை லாரி வருவதற்குள் அப்பா தம் மோட்டாரில் வந்துவிட்டார். வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "நீ மொதல்ல கம்பிக்கு அந்தாண்ட போய் நில்லு" என்றார்.

டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. காருக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வார் அது. எஞ்சினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தாளத்தில் ஓடுவது அதனால்தான். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, ஓடும்போது அறுந்தால், பிஸ்டன் போய் வால்வில் இடித்து எல்லாம் வளைந்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. போர்மன் மூடியைக் கழற்றினார். உட்புறம் ஒரு பழைய ஸ்டிக்கர். யாரோ ஒரு மெக்கானிக் ஒழுங்காக எழுதி ஒட்டியிருக்கிறார்: பெல்ட் மாற்றியது 148,000 கிலோமீட்டரில்.

என் மீட்டர் காட்டியது இன்னும் ஒரு லட்சத்து ஐந்தாயிரம்கூட இல்லை!

அன்பர்களே, நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான். அந்தக் கார் உண்மையில் இரண்டரை லட்சம் ஓடியிருக்கலாம். அந்த உண்மை எனக்குத் தெரிந்திருந்தால், வாங்கிய வாரமே சில நூறு வெள்ளி கொடுத்துப் பெல்ட்டை மாற்றியிருப்பேன். கார் இன்றும் ஓடியிருக்கும். என்னைக் கவிழ்த்தது அதிகம் ஓடிய கார் இல்லை. குறைவாக ஓடியதாக நடித்த கார். பழுது பார்க்க நாலாயிரத்துச் சொச்சம். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போய், 14 மாதம் கழித்துத்தான் திரும்பியது. கார் ஐந்து வாரம் பட்டறையில் கிடந்தது. வங்கிக்கு அதெல்லாம் கணக்கா? மாதத் தவணை மாதத் தவணைதான்.

ஆகவே தம்பி, உங்கள் ஒரு லட்சத்து 68 ஆயிரம் என்னை மிரட்டவில்லை. 21 ஆண்டில் வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு எட்டாயிரம். நம் ஊரில் செமினியிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர் ஆண்டுக்கு 20 ஆயிரம் சர்வசாதாரணமாக ஓட்டுவார். அப்படியானால் அந்த எண்ணுக்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, யாரோ ஆசையாக வீட்டில் நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்திருக்கிறார். அல்லது, என் கதை. எது என்று கார் தன் வாயால் சொல்லாது. காகிதம் சொல்லும். சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள், பழைய டயர் பில். அவற்றில் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டே வர வேண்டும். இரண்டு லட்சம் ஓடி, கட்டுக்கட்டாக ரசீது உள்ள காரா? எண்பதாயிரம் ஓடி, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத காரா? நான் முதலாவதைத்தான் எடுப்பேன், கண்ணை மூடிக்கொண்டு.

"புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சு" என்று விற்பவர் சொல்வார். பெயர் மாற்றத்துக்குச் செய்யும் அந்தப் பரிசோதனை எதற்கு? எஞ்சின் எண், சேஸி எண் கெரானோடு ஒத்துப்போகிறதா, பிரேக், விளக்கு சரியா என்று பார்க்க. புஸ்பாகோமின் தனியுரிமைக் காலம் 2024-இல் முடிந்து வேறு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. யார் செய்தாலும், மீட்டர் உண்மை என்றோ எஞ்சின் இன்னும் பத்தாண்டு ஓடும் என்றோ அந்தத் தாள் சத்தியம் செய்யவில்லை.

ஆனால் கெரானை நன்றாகப் படியுங்கள். ஜப்பானிலிருந்து ரெகண்டாக வந்த கார்களுக்குத் தயாரித்த ஆண்டு ஒன்று, இங்கே பதிந்த ஆண்டு வேறு. விளம்பரத்தில் '04/08' என்று போட்டிருந்தால், 2004-இல் செய்து 2008-இல் இங்கே பதிந்தது. சிலர் பெரிய எழுத்தில் 2008-ஐ மட்டும் போடுவார்கள். இன்னொன்று, எஞ்சின் மாற்றிய கார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஃப் கட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பிய காரின் முன்பக்கம் அங்கே கிடைக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை இந்த நாட்டில் உயிரோடு வைத்திருப்பதே அந்தக் கடைகள்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றிய எஞ்சினின் எண் கெரானில் ஏறவில்லை என்றால், அந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

வெள்ளத்தையும் மறக்காதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா, கிள்ளான், நம் உலு லங்காட் எல்லாம் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சேற்றுக் கறை இருந்தால் அப்படியே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காற்றுப்பை விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. தகாத்தா நிறுவனத்தின் பழைய காற்றுப்பைகளில் உள்ள வெடிபொருள், நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுப்போய், சிறு விபத்திலும் இரும்புத் துண்டுகளை முகத்தில் எறிந்துவிடும். 2014 ஜூலையில் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித்தான் இறந்தார். 2000-ஆம் ஆண்டுகளில் வந்த பல ஜப்பானிய, ஐரோப்பியக் கார்களில் இந்தப் பைகள் இருந்தன. கை மாறி மாறி வந்த காருக்குத் திரும்ப அழைக்கும் கடிதம் வந்து சேராது. சேஸி எண்ணைக் கொடுத்து நீங்களே தயாரிப்பாளரிடம் விசாரியுங்கள்.

பிறகு, உங்களுக்குத் தெரிந்த போர்மனைக் கூட்டிப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்த போர்மன் வேண்டாம்! கார் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எல்லா சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தால் எஞ்சினின் உடம்பு தெரிந்துவிடும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி எஞ்சின் கார் என்றால், அதற்கென்றே தனிக் கருவியும் பழகிய ஆளும் வேண்டும். அந்த ஆள் அருகில் இல்லை என்றால் அந்தக் கார் பக்கமே போகாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், செய்த வாரமும் ஆண்டும். நிறுத்தியே வைத்த காரில் டயர் பளபளவென்றிருக்கும், வயது பத்தாகியிருக்கும்.

சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பணத்துக்கு வருவோம். அம்மா பேசாமல் இருப்பது அதற்காகத்தானே?

என் சத்ரியாவுக்கு 1834 சிசி. தீபகற்பத்தில் அதன் சாலை வரி ஆண்டுக்கு 297 வெள்ளி. உங்கள் ஃபேர்லேடிக்கு 3498 சிசி. மூவாயிரத்தைத் தாண்டினால் 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. ஆக 4,371 வெள்ளி. கார் நின்றாலும் ஓடினாலும் மாதம் 364 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாண்டில் 21,855. இந்தப் பணத்தில் ஒரு பழைய மைவி வாங்கலாம் என்று அம்மா சொன்னால், அம்மா கணக்கு சரி. இதில் மானியம் இல்லாத 97 ரக பெட்ரோல், 20 வயதுக் காருக்குக் காப்புறுதிக்காரர் போடும் கூடுதல் சுமை எல்லாம் இன்னும் சேரவில்லை.

இந்த வயதுக் காருக்கு வங்கிகள் பொதுவாக வாகனக் கடன் தருவதில்லை. "தனிநபர் கடன் எடுக்கிறேன்" என்று தம்பி வாசலில் சொன்னார். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாடகைக் கொள்முதல் கடனில் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கவசமாக நிற்கும். தொடர்ந்து இரண்டு தவணை தவறாமல் காரை இழுக்க முடியாது, முக்கால் பங்கு கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். தனிநபர் கடனுக்கு அந்தக் கவசம் கிடையாது. கார் பட்டறையில் கிடந்தாலும் கடன் உங்கள் சம்பளத்தின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

என் கணக்கு இது. 65 ஆயிரம் ரொக்கமாக இருந்து, அதற்கு மேல் 20 ஆயிரம் தொடாமல் வைக்கவும் முடிந்தால், தினசரி வேலைக்குப் போக வேறு வண்டியும் இருந்தால், வாங்குங்கள். அனுபவியுங்கள். அந்த 20 ஆயிரமும் காரின் விலைதான், கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிறோம், அவ்வளவே. அது இல்லை என்றால் 1.8, 2.0 லிட்டர் காராகப் பாருங்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர், 1998 சிசி, சாலை வரி 379 வெள்ளி. விலை அதிகம்தான், ஆனால் ஆண்டுதோறும் உங்களைக் கடிக்காது. வேகம் வேண்டும் என்றால் சிப்பாங் பந்தயத் தளம் நமக்குத் தூரமில்லை. ஆனால் அங்கே ஓடும்போது சாதாரணக் காப்புறுதி உதவாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஏமாந்துவிட்டால்? வியாபாரியிடம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50 ஆயிரம் வெள்ளி வரை கோரலாம். மூன்றாண்டுக்குள் போக வேண்டும். தனி ஆளிடம் வாங்கியதற்கு அங்கே இடமில்லை. எனக்கு இது தெரிய வந்தபோது நான்காம் ஆண்டு. கையில் அந்த ஸ்டிக்கரின் படம்கூட இல்லை.

அந்தக் காரை இரண்டாண்டு கழித்து விற்றேன். வாங்கியவரிடம் உண்மையான கதையைச் சொல்லித்தான் கொடுத்தேன். அதனால் ஐயாயிரம் குறைந்தது. விற்பதற்கு முந்திய ஞாயிறு, அப்பாவை ஏற்றிக்கொண்டு செமினி அணையைத் தாண்டி, சுங்கை தெக்காலா வழியாக உலு லங்காட் வரை போய் வந்தேன். கண்ணாடியை இறக்கச் சொல்லிவிட்டு, வளைவுக்கு வளைவு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "நல்லாத்தான்மா ஓடுது" என்றார். சங்கிலி விஷயத்தை அவர் ஒருநாளும் பேசியதில்லை.

தம்பி, உங்கள் காரில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். அந்த ஒரு கவலை உங்களுக்குக் குறைவு. சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா என்று இன்றிரவே கேளுங்கள். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை என் போர்மனோடு நானே வருகிறேன். அப்பா வீட்டில்தான் இருப்பேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.