சோள ரொட்டியும் ஆறாம் பி உயிர்ச்சத்தும்



தார்நாகா வழியே செல்லும் நாம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வாயிலைக் கண்டிருப்போம். அந்நிறுவனமும் நம்மைப் போலத் தமிழகத்தினின்று பெயர்ந்து வந்ததே. 1918இல் குன்னூரில் தோன்றி 1958இல் ஐதராபாத் சேர்ந்தது. அதன் தலைமை ஏற்ற டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

இங்கு அவர்கள் எதிர்கொண்ட நோய் பெல்லாக்ரா. வெயில் படும் கழுத்திலும் புறங்கையிலும் தோல் கறுத்து உரியும், வயிறு போகும், முற்றினால் சித்தம் கலங்கும். நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவே காரணம். டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு உடல் தானே நியாசின் செய்துகொள்ளும். சுமார் 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும். மேனாடுகளில் இந்நோய் கண்டவர் மக்காச்சோளம் உண்டோர். அதில் டிரிப்டோபேன் குறைவு. தக்காணத்து ஏழைகள் உண்டதோ ஜொன்ன ரொட்டி. நாம் சோளம் என்னும் அத்தானியத்தில் அக்குறை அவ்வளவில்லை. பின் நோய் ஏன்?

கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் ‘லான்செட்’ இதழில் ஒரு விடை கூறினர். சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்னும் வேறோர் அமினோ அமிலம் குறுக்கே நிற்கிறது என்பதே அது. சோளம் தின்ற நாய்களுக்கும் நாக்குக் கறுத்தது. பிறநாட்டார் சிலர் இதனை ஒப்பவில்லை. எலிகளிடம் அவ்விளைவு தெளிவாகக் கிட்டவில்லை என்றனர். 1970களில் இங்கேயே, ஆறாம் பி உயிர்ச்சத்து லூசினின் தீங்கைத் தணிப்பதாகக் கண்டனர்.

அவ்வுயிர்ச்சத்துக்கு இங்கென்ன வேலை? குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர் இதனை எளிதில் விளக்கும். டிரிப்டோபேனை உடைக்க அதனிடம் டிரிப்டோபேனேஸ் என்னும் நொதி உண்டு. 1947இல் உட், குன்சாலஸ், உம்பிரைட் ஆகியோர் அந்நொதியினின்று ஆறாம் பி சத்தின் பாஸ்பேட்டைப் பிரித்தனர், நொதி செயலற்றது. திரும்பச் சேர்த்தனர், உயிர்த்தது! அச்சத்து அமினோ அமிலத்தின் நைட்ரஜனைப் பற்றிக்கொண்டு எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும். பிணைப்பு நெகிழ்ந்து அறும். இண்டோல், பைருவேட், அம்மோனியா எஞ்சும். மருத்துவக்கூடத்தில் கோவாக்ஸ் கரைசலை விட்டால் சிவப்பு வளையம் தோன்றுவது அந்த இண்டோலால்தான்.

நம் உடலிலும் டிரிப்டோபேனை நியாசின் வழிக்குத் திருப்பும் கைனுரினேஸ் என்னும் நொதி இதே சத்தையே நம்பியிருக்கிறது. 

இனி, சோள ரொட்டி உண்ணலாமா என்று தாய்மார் கேட்பர். தாராளமாக உண்ணலாம். பருப்பும் பாலும் கீரையும் உடன் உண்போரை இந்நோய் அணுகாது. வேறொன்றும் வாங்க இயலாது ரொட்டியையே மூவேளையும் உண்டவரைத்தான் அது பற்றியது.