நடையைப் பார்க்கச் சொல்லுங்கள்

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, “வலிக்கிற இடத்தில் கையை வைத்துக் காட்டுங்கள்” என்பதுதான். வலி இருப்பவர்கள் இப்போதே வைத்துப் பாருங்கள். கை பின்புறம், முதுகுக்குக் கீழே போனால் அது பெரும்பாலும் முதுகெலும்போடு சேர்ந்த வலி. பக்கவாட்டில், ஒருக்களித்துப் படுக்கும்போது பாயில் அழுந்துகிற எலும்பின் மேல் போனால், அங்கே ஒட்டியிருக்கும் தசைநார்களின் வலியாக இருக்கலாம். கவட்டைக்குப் போனால்தான் இடுப்பு மூட்டைச் சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது அந்த மூட்டு. வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க முடியாது.

சிலருக்குக் கவட்டைகூட வலிக்காது, முழங்கால்தான் வலிக்கும். இரண்டு மூட்டுகளுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் இப்படி ஆகிறது. லாரி ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். இளவயதுதான். முழங்கால் வலி என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்திருக்கிறார், முழங்காலை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், “ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகத் திருப்பினேன். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை, துடித்துப்போனார். மறுகால் தாராளமாகத் திரும்பியது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தது: தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருந்தது.

மிதமிஞ்சிய குடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு, தொடை எலும்பின் கழுத்தில் முறிவு, இவையெல்லாம் இந்த நோய்க்குக் காரணமாகும். அதனால்தான், பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கிற மூட்டுவலிப் பொடிகளை வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அப்படி விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் இந்த நோய் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எலும்பின் தலை நொறுங்குவதற்கு முன்னால் கண்டுபிடித்தால், துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். நொறுங்கிவிட்டால் பெரும்பாலும் மாற்று மூட்டுதான்.

இத்தனை கருவிகள் வந்த பிறகும் நான் பெரிதும் நம்புவது நோயாளியின் நடையை. என் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம் இருக்கிறது. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் ஒவ்வொருவரையும் அதில் நடக்கவிட்டுப் பார்ப்பேன். நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு நொடி ஒற்றைக்காலில் நிற்கிறோம். அந்த நொடியில் இடுப்பின் பக்கவாட்டுத் தசைதான் உடம்பைச் சரியாமல் பிடிக்கிறது. அது பலவீனமானால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழ்ந்துவிடும். ஜெர்மனியின் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் இதை எழுதிவைத்தார். ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததும் அந்த ஆண்டின் கடைசியில்தான். படம் எடுக்க வழியில்லாத காலத்தில், வெறும் கண்ணால் நடையைப் பார்த்துச் சொன்ன உண்மை இன்றைக்கும் என் தாழ்வாரத்தில் பலிக்கிறது. சமைத்துக்கொண்டே கேட்கிற அம்மாக்கள் அடுப்பு மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பெரியவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவை அந்தத் தாழ்வாரத்தில்தான் பார்த்தேன். வலது இடுப்பில் வலி, கைத்தடியும் வலது கையில். எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். “அம்மா, இடது கைக்கு மாற்றுங்கள்” என்றேன். நம்பாமல் பார்த்தார், மாற்றினார், சாயாமல் நடந்தார். ஒற்றைக்காலில் நிற்கும்போது அந்தக் காலின் இடுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. எதிர்க்கையில் தடி ஊன்றினால் தசையின் வேலை குறைந்து பாரமும் குறையும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அந்த உயரம் தடிக்குப் போதும்.

நேரம் நெருங்குகிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது என்றால், குறிப்பாக இளைஞர்கள், வாதநோய் நிபுணரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. காய்ச்சலோடு இடுப்பு வலித்தாலோ, குழந்தை காரணமின்றி நொண்டினாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். விழுந்த பாட்டியால் எழுந்து நிற்க முடியவில்லையா? தயவுசெய்து உருவிவிடாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய படங்களையும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள். “நான் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள் டாக்டர்” என்று தயங்காமல் கேளுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்கிறவர் யாராவது இருந்தால், இந்த வாரமே இடுப்பையும் காட்டிவிட்டு வருவார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.