மராத்தான் பயிற்சி: மூச்சை நம்பி எலும்பை மறக்க வேண்டாம்

(ஓட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் நமது அறக்கட்டளையின் உடல்நலக் குழு சார்பில் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, ஓடத் துடிக்கும் இளைஞர்களே! வரும் ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானுக்கு நம் மஹல்லாவிலிருந்து பலர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மாஷா அல்லாஹ். பஜ்ர் முடிந்ததும் போர்வைக்குள் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது ஷூவைத் தேடுகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். அந்த உற்சாகத்தைக் குறைக்க நாங்கள் வரவில்லை.

ஆனால் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பாதிப்பேருக்கு மேல் நின்றோ அலைந்தோ சம்பாதிப்பவர்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர் இருக்கிறார். மாடி மாடியாக ஏறி உணவு கொண்டு போய்க் கொடுப்பவர் இருக்கிறார். பிரியாணிக் கடையில் அண்டா தூக்குபவரும் இருக்கிறார். இவர்களில் ஒருவருக்குக் கால் எலும்பில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் ஆறு வாரமாவது ஓட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஒரு பதக்கத்துக்காக ஒரு வீட்டின் வருமானம் நிற்கக்கூடாது. வீட்டாரையும் சேர்த்து அழைத்தது அதற்காகத்தான்.

முழு மராத்தான் 42.195 கிலோமீட்டர். நம்மைப் போல மெதுவாக ஓடுபவர்கள் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்கிறோம். மொத்தத்தில் நாற்பதாயிரம் அடிக்கு மேல். ஒவ்வோர் அடி தரையில் விழும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எழுபது கிலோ ஆள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்டி ஒரு நாள்தான். பயிற்சியில் இதைப் பல மாதம் தாங்க வேண்டும்.

இங்கேதான் உடம்பு நம்மை ஏமாற்றுகிறது. ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மூச்சு இரைப்பது குறையும். இதயமும் ரத்த ஓட்டமும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். முதல் வாரம் தெருமுனை தாண்டுவதற்குள் இரைத்தவர் ஆறாவது வாரம் சிரித்துப் பேசிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடுவார். எலும்பு அப்படியல்ல. புதுப் பாரம் வந்ததும் அது முதலில் பழைய பகுதிகளைக் கரைத்து எடுக்கிறது. அதற்குச் சில வாரம் போதும். அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பத்தான் மாதக் கணக்கு ஆகிறது. பழைய வீட்டுச் சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழும்பும்வரை கூரை எப்படி நிற்குமோ, அப்படி ஒரு காலம் எலும்புக்கும் உண்டு. குதிகால் தசைநாணும் மெதுவாகத்தான் வலுப்படும். ஆகவே ‘இப்போது நன்றாக இருக்கிறதே, கூட ஓடலாமே’ என்று தோன்றும் அந்த இரண்டாவது மாதம்தான் ஆபத்தான மாதம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1855இல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்பு நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. வயதும் வலுவும் உள்ள சிப்பாய்களுக்கே அந்த நிலை.

சரி, எவ்வளவு கூட்டலாம்? ‘வாரத்துக்குப் பத்து சதவீதம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடுபவர்களிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த விதிப்படி கூட்டியவர்களிலும் மற்றவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. பிறகு 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓட்டங்களைக் கவனித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரக் கணக்கைவிட ஒரே ஓட்டத்தின் நீளம்தான் முக்கியம் என்று அது காட்டியது. முந்தைய முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்களுக்குக் காயம் அதிகம்.

இதை நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். வாரநாளில் கடை, டியூட்டி, கல்யாணம் என்று ஓட்டம் தவறும். ஞாயிறு வந்ததும், நண்பர்கள் அழைக்கிறார்கள் என்று, எட்டு கிலோமீட்டரைத் தாண்டாதவர் அன்று பதினைந்து ஓடுவார். ‘விட்டதைப் பிடித்துவிட்டேன்’ என்று வாட்ஸ்அப் குழுவில் படமும் போடுவார். அதைச் செய்யாதீர்கள். தவறிய ஓட்டம் தவறியதாகவே இருக்கட்டும். எட்டு ஓடியவர் அடுத்து ஒன்பதைத் தாண்ட வேண்டாம். மூன்று வாரம் மெல்லக் கூட்டினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகமும் அப்படித்தான். பெரும்பாலான ஓட்டங்களில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். ஓடாத நாள் வாரத்தில் இரண்டு மூன்றாவது வேண்டும். அதோடு, கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற நாளை ஓய்வு நாள் என்று எழுதாதீர்கள்! உங்கள் காலுக்கு அது தெரியும். அலுவலக நாற்காலியில் உட்காருபவருக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணையை நின்று உழைப்பவர் அப்படியே எடுத்து ஓடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதுவரை ஓடியே பழக்கமில்லாதவர்களிடம் ஒளிக்காமல் சொல்கிறோம். ஜனவரிக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. இந்த ஆண்டு 10 கிலோமீட்டர் ஓடுங்கள். முழு மராத்தான் எங்கும் போய்விடாது. இரண்டு ஆண்டாக விடாமல் ஓடிவருபவர்கள் வேறு கணக்கு. அவர்களோடு தனியாகப் பேசுகிறோம்.

அடுத்து வலி. எல்லா வலியும் ஒன்றல்ல. கெண்டைக்காலும் தொடையும் இரண்டு பக்கமும் கடுகடுவென்று வலித்து இரண்டு நாளில் போனால் அது தசை பழகும் வலி. முன்னங்கால் எலும்பின் உட்புறம் நீளவாக்கில் வலித்தால் உடனே தூரத்தைக் குறையுங்கள். ஒரு விரல் நுனியால் தொட்டு ‘இங்கேதான்’ என்று காட்டும்படி எலும்பில் ஓர் இடம் வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்கிறதா? படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா? ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு திரும்ப ஓடாதீர்கள். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடவும் வேண்டாம்.

மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் மோசம். வலி தெரியாது, விரிசல் வளரும். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

‘நடுவில் நின்றால் கேவலம்’ என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு செய்தி. 2023 லண்டன் மராத்தானில் நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசன் இடுப்பு வலியால் ஓட்டத்தின் நடுவில் நின்றார். உலகமே பார்க்க, சாலையில் நின்று காலை நீட்டி மடக்கிவிட்டு மீண்டும் ஓடினார். அதுதான் அவரது முதல் மராத்தான். வென்றதும் அவர்தான். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் தங்கம் வாங்க முக்காடிட்டு மேடை ஏறியவரும் அவரே. நின்றால் எல்லோரும் ஜெயிப்போம் என்று இதற்கு அர்த்தமில்லை. நிற்பது அவமானமில்லை, அவ்வளவுதான்.

வலுவூட்ட ஜிம் கட்டணம் தேவையில்லை. வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி அதைவிட மெதுவாக இறக்குங்கள். பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் இதைவிட மலிவான மருந்து இல்லை. ஷூ விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. போட்டு நடந்து பார்த்து உறுத்தாததை வாங்குங்கள். போட்டிக்கு முந்தைய நாள் புது ஷூ கூடவே கூடாது. மெரினாவின் இளகிய மணலில் ஓடினால் குதிகால் புதைந்து தசைநாண் இழுபடும். சாலையின் ஓரச் சரிவிலேயே ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து விழும். போக்குவரத்து இல்லாத நேரத்தில் சமதளமான இடமாகப் பாருங்கள்.

சுகர் உள்ளவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம்; ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பாத உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள், வீட்டார் பார்த்துச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்களும், வீட்டில் இதய நோய் உள்ளவர்களும் முதலில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியின்போது உணவைக் குறைத்து, மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ அதைச் சாதாரணமாக விடாதீர்கள். எலும்பு பலவீனமாவதற்கு அது முன் அறிகுறி. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜனவரிக்குப் பிறகு நோன்பு வரும். அந்த மாதம் தூரம் கூட்டும் மாதமல்ல. ஸஹருக்கு எழுவதால் தூக்கமும் குறையும். இஃப்தாருக்குச் சற்று முன்போ, தராவீஹ் முடிந்தோ அரைமணி நேரம் மெதுவாக ஓடினால் போதும். நீண்ட ஓட்டம் பெருநாளுக்குப் பிறகு, குறைந்த தூரத்திலிருந்து.

ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்து, ஓடிய தூரம், வேலையில் நின்ற நேரம், தூங்கிய நேரம், வலித்த இடம் நான்கையும் எழுதிவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்தில் நாங்கள் இருப்போம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் இருப்பார். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. நோட்டோடு வாருங்கள். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டோமே என்று வலியை மறைப்பவர்கள் இருந்தால், அவர்களின் அம்மாக்கள் எங்களிடம் சொல்லுங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்.