சங்கிலிப் பிணைப்பு

மேடையில் ஒருவரைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டும்பொழுது நம் கண் பூட்டின்மேலேயே நிற்கிறது. வித்தை பெரும்பாலும் அங்கில்லை. கட்டும் வேளையில் கலைஞர் மூச்சை இழுத்து மார்பை விரிப்பார். பின் உடல் தளர, ஓரிரு விரற்கடை நெகிழ்வு கிடைக்கும். கயிறு சதையைக் கவ்வும். சங்கிலியோ கண்ணிக்குக் கண்ணிதான் பூட்டப்படும், இடைப்பட்ட இறுக்கம் அதற்கில்லை. பார்வைக்குக் கொடியது, கலைஞருக்கு இணக்கமானது!

1908-இல் ஹூடினி நீர் நிரம்பிய பால் பாத்திரத்துள் அடைபட்டபொழுது, அவையோரையும் தம்முடன் மூச்சடக்கச் சொன்னார். பாத்திரத்தின் கழுத்து கழலுமாறு செய்யப்பட்டிருந்தது. ஆயினும் அந்த அழைப்பே பெரிய கருவி என்பேன்.

ஆற்று நீரோட்டம் எவரும் செய்த கருவியன்று. 2019 ஜூன் 16 அன்று, கொல்கத்தா ஹௌரா பாலத்தருகே, சஞ்சல் லாஹிரி என்னும் வித்தைக்காரர் சங்கிலியுடன் ஹூக்ளியில் இறக்கப்பட்டார். கரையில் கூட்டம் காத்திருந்தது. மறுநாள் அவருடைய உடல் கிடைத்தது.