பார்க்காமலே ஒரு கணக்காய்வு



எங்களில் பலர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கையில் கொண்டுவந்தவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நாலைந்து படங்கள். இன்று பிள்ளைகள் அவற்றை ஸ்கான் செய்து கிளவுட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். கிளவுட் என்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும் கணினிதான். போட்டது போட்டபடி இருக்கிறதா என்று எப்படி அறிவது? தளத்தை இடம் மாற்றியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்றிய படங்களும் பாடல்களும் இல்லாமல் போயிருக்கலாம் என்று 2019 இல் மைஸ்பேஸ் நிறுவனம் அறிவித்தது.

ஒரு நேயர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, சரிபார்க்க ஒரு ஆளை வைச்சால், அவர் எங்கட அகதி விண்ணப்பத்தையும் வாசிப்பாரே?" நியாயமான பயம். யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

என் தொழில் கணக்கு. கணக்காய்வில் எல்லாப் பற்றுச்சீட்டையும் நாங்கள் பார்ப்பதில்லை. எழுந்தமானமாகச் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம். 2007 இல் அதெனியேசே முதலிய ஆய்வாளர்கள் இந்த முறையைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். கோப்பைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் மட்டுமே போடக்கூடிய முத்திரை ஒன்றை இடுவார். பிறகு சில துண்டுகளைக் குறிப்பிட்டு நிறுவனத்திடம் விடை கேட்பார். துண்டு கையில் இல்லாமல் சரியான விடை சொல்ல முடியாது. நூற்றில் ஒரு துண்டு கெட்டிருந்தாலும், 460 துண்டுகளைக் கேட்டால் அகப்படும் வாய்ப்பு 99 வீதம். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதே 460 போதும்.

நேயரின் பயம் இங்கேதான் வருகிறது. விடை என்பது துண்டுகளைப் பெருக்கிக் கூட்டிய தொகை. வெளியாள் ஒருவர் பலமுறை விடை வாங்கினால், பள்ளிக்கூடத்தில் சமன்பாடு தீர்த்ததுபோல உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். 2010 இல் கொங் வாங் முதலியோர் இதற்கு வழி சொன்னார்கள். நிறுவனம் ஒவ்வொரு முறையும் புதியதொரு இரகசிய எண்ணைக் கலந்து விடை தரும். விடை சரியா என்பது கணக்காய்வாளருக்குத் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

இதே எண்ணத்தில் வீட்டிலும் ஒன்று செய்யலாம். ஏற்றுவதற்கு முன் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நம்பிக்கையான இருவரிடம் கொடுத்து வையுங்கள். அது தொலைந்தால் நீங்களும் திறக்க முடியாது. பிறகு பூட்டிய கோப்புக்கு ஷா-256 என்ற கைரேகை எடுங்கள். விண்டோஸ், மாக் இரண்டிலும் அதற்கான கட்டளை உண்டு. 64 எழுத்தும் இலக்கமுமாக வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது வேறாகிவிடும். அதை அச்செடுத்துப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். மாதம் இரண்டு கோப்பை எழுந்தமானமாக இறக்கி, மீண்டும் கைரேகை எடுத்து ஒப்பிடட்டும். அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. சரிபார்க்கிற பிள்ளையும் உள்ளே வாசிக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம். கணக்காய்வு இழப்பைச் சொல்லும். இழந்ததைத் திருப்பித் தராது. ஆகவே இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில், தனி டிஸ்க்கில் வையுங்கள்.

எரிந்ததும் தொலைந்ததும் போக மிஞ்சியவை இவை. இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.