குளிர்நாட்டு உலையும் மாத்தளைக் குப்பையும்

சுவீடன் தேசத்தார் நகரக் குப்பையை விறகெனவே மதிக்கின்றனர். அந்நாட்டில் எரியத்தக்க கழிவை நிலத்திற் புதைத்தல் 2002ஆம் ஆண்டு முதலும், அழுகத்தக்க கழிவைப் புதைத்தல் 2005ஆம் ஆண்டு முதலும் தடை செய்யப்பட்டன. வீட்டுக் கழிவில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே புதைகுழிக்குப் போவதில்லை. ஏறத்தாழப் பாதியளவு உலைகளில் எரிக்கப்படுகின்றது. உள்ளூர்க் குப்பை போதாமையால் நோர்வே, பிரித்தானியா முதலிய நாடுகளிலிருந்தும் குப்பை தருவிக்கின்றனர். அதற்கு விலை கொடுப்பதில்லை, கூலி பெறுகின்றனர்! டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எரியுலையின் கூரைமீது, 2019 முதல் மக்கள் பனிச்சறுக்கு விளையாட்டும் ஆடி வருகின்றனர்.

இச்செய்திகளைக் கேட்போர், "அத்தகைய உலையொன்று நம் ஊரிலும் இருந்தால் என்ன?" என வினவுதல் இயல்பே. மத்திய மலைநாட்டின் வடசாய்வில் அமைந்த மாத்தளை நகரை வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயன் தரும்.

குளிர்நாட்டு உலையின் வருவாய் மின்சாரத்தை மட்டும் நம்பியதன்று. எரிப்பதால் எழும் வெப்பத்தின் பெரும்பகுதி வெந்நீராகிக் குழாய்கள் வழியே வீடுதோறும் சென்று, மாரிக்காலத்தில் அறைகளைச் சூடாக்குகின்றது. வெப்பத்துக்கு விலை உண்டு. ஆதலின் உலைக்கு வாழ்வும் உண்டு. மாத்தளையில் வெந்நீர்க் குழாயை விலைக்கு வாங்குவார் யாருளர்?

மற்றொரு தடை குப்பையினுள்ளேயே இருக்கின்றது. இலங்கையின் நகரக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது சமையற் கழிவும் சந்தைக் கழிவுமாகும். கீரைத் தண்டு, வாழைமடல், பலாச்சடை, தேங்காய்ப்பூச் சக்கை ஆகியன நீர் நிறைந்த பொருள்கள். இத்தகைய கழிவு ஒரு கிலோவை எடுத்துக்கொண்டால், அதில் 650 கிராம் நீராகவே இருத்தல் கூடும். எஞ்சிய 350 கிராம் உலர்பொருள் எரிந்து ஏறத்தாழ 1,400 கிலோகலோரி தரும். அதில் 400 கிலோகலோரி அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மிஞ்சுவது 1,000. எரியுலை வேறு எரிபொருளின் துணையின்றி நன்கு நடைபெறுவதற்கோ, கிலோவொன்றுக்கு 1,600 அல்லது 1,700 கிலோகலோரி வேண்டுமென்பர் பொறியியலார். ஈரவிறகை ஊதிக் கண் கலங்கிய எந்த இல்லத்தரசியும் இக்கணக்கைக் கருவியின்றியே அறிவாள்.

அங்ஙனமாயின், கொழும்பை அடுத்த கெரவலப்பிட்டியில் உலை இயங்குவது எப்படி? அங்கு 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10 மெகாவாற்று மின்னிலையம் தொடக்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 தொன் குப்பையை ஏற்கும் வகையில் அஃது அமைக்கப்பட்டது. தலைநகரின் கடைவீதிகளும் அலுவலகங்களும் தரும் காகிதமும் பொலித்தீனும் அக்குப்பையிற் கலந்து வருகின்றன. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லவிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்ட பின்னர், கொழும்புக்கு விரைவான வழியொன்று தேவைப்பட்டது. அந்த உலையை அந்நகரின் நிலையில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். மாத்தளையின் குப்பை அவ்வளவிற் சிறு பகுதியேயாகும். சிறிய உலையிற் புகையைத் தூய்மையாக்கும் சாதனங்களின் செலவு, குப்பையின் அளவுக்கேற்பக் குறைவதில்லை.

மாத்தளை மேற்கொண்ட வழி வேறு. 2007ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழுவின் ஆதரவுடன், மாநகர சபையும் கொழும்பைச் சேர்ந்த 'செவனத' நிறுவனமும் கூடி அங்கே ஒரு வளமீட்பு நிலையத்தை உருவாக்கின. தொழில்முறை டாக்காவிலிருந்து வந்தது. அந்நகரில் 1995ஆம் ஆண்டு தோன்றிய 'வேஸ்ட் கன்சேர்ன்' என்னும் அமைப்பு, வங்காளதேசத்து ஈரக்குப்பையைப் பசளையாக்கிப் பழகியிருந்தது. வியட்நாமின் குயிஞோன் நகரும் இதே முயற்சியில் மாத்தளைக்குத் துணை நகராயிற்று. சுவீடனை நோக்காது டாக்காவை நோக்கியது அறிவுடைய செயலே. இரண்டு ஊர்களின் குப்பையும் ஒரே சாதி!

நிலையத்தின் வேலைமுறை எளிது. வீட்டிலேயே அழுகுவதும் அழுகாததும் பிரிக்கப்படும். அழுகுவது காற்றோட்டமுள்ள குவியல்களாகக் கட்டப்பட்டுப் புரட்டப்படும். நுண்ணுயிர்களின் உழைப்பால் குவியலின் உள்ளே 55 முதல் 65 பாகை வரை வெப்பம் ஏறும்; நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் அதிலே மடியும். சில வாரங்களின் பின் முதிர்ந்து, சலிக்கப்பட்டு, கறுத்த கூட்டுப்பசளையாக வெளிவரும். காகிதமும் போத்தலும் பழைய இரும்பும் தனியே விற்கப்படும்.

கடினமான பகுதி இயந்திரத்தில் இல்லை, சமையலறை வாளியில் இருக்கின்றது. உடைந்த கண்ணாடித் துண்டொன்று வாளியில் விழுந்தால் அது பசளை மூட்டைக்குள்ளும் வந்து சேரும். ஒரு முறை கையைக் கீறிய பசளையைத் தோட்டக்காரன் மறுமுறை வாங்கான். பிரித்து வைத்த இரு வாளிகளையும் வண்டிக்காரர் ஒரே குவியலிற் கொட்டக் கண்ட இல்லத்தாரும் அடுத்த வாரம் பிரிக்கமாட்டார். மாதக் கணக்கில் வளர்ந்த பழக்கம் அவ்வொரு காட்சியோடு அழிந்துபோகும்.

பசளையைப் பற்றியும் மிகையாகப் பேசலாகாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. நகரக் கூட்டுப்பசளையில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கே இருக்கும். 2021ஆம் ஆண்டின் நடுவில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த அரசு, விளைச்சல் வீழும் அச்சத்தால் அவ்வாண்டு நவம்பரில் அதைத் தளர்த்த நேர்ந்தது. கூட்டுப்பசளை மண்ணின் உடலைத் திருத்தும். ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தை அது பிடித்துவிடாது.

இனி, ஆற்றலைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஈரமான கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால் அது உயிர்வாயுவைத் தரும். அவ்வாயுவில் ஏறத்தாழ 60 பங்கு மீதேன். உலையிற் பகையாக நின்ற நீர், இங்கே உதவியாளாகின்றது. சுவீடனின் லின்ஷேப்பிங் நகரம் இவ்வழியில் உணவுக் கழிவையும் இறைச்சிக்கூடக் கழிவையும் வாயுவாக்கி நகர பஸ்களை ஓட்டுகின்றது. ஆனால் அங்கே தொட்டியைச் சூடாக வைத்திருப்பதற்கே ஆற்றல் செலவிடல் வேண்டும். மாத்தளையின் வெயில் அவ்வேலையிற் பெரும்பங்கை இலவசமாகச் செய்யும். குளிர்நாட்டைக் கண்டு ஏங்குவோர் இதனை ஏனோ நினைப்பதில்லை.

தூய உணவுக் கழிவு ஒரு தொன், ஏறக்குறைய 100 கனமீற்றர் உயிர்வாயு தரும். அஃது 45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு, அதாவது 12.5 கிலோ சிலிண்டர் மூன்றரை. 2022ஆம் ஆண்டில் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு, இம்மூன்றரையின் அருமை விளங்கும். ஒரு நகரம் முழுவதற்கும் இது போதாது; வைத்தியசாலை அல்லது விடுதியொன்றின் சமையற்கட்டுக்குப் போதும்.

இலங்கைக்கு உயிர்வாயு புதிதன்று. 1970களிலிருந்தே தொட்டிகள் கட்டப்பட்டன. அவற்றிற் பல வெடிப்பைப் பூசவும் குழாயை மாற்றவும் ஆளின்றிக் கைவிடப்பட்டன. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், பராமரிப்போனின் சம்பளத்தை ஒதுக்க மறந்தனர்.

மாத்தளை வழியே ஓடும் சுது கங்கை, அம்பன் கங்கையோடு சேர்கின்றது. அம்பன் கங்கையின் நீர் பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்பி, வயல்களுக்குப் பாய்கின்றது. மேட்டில் அழுகும் குவியலிலிருந்து வடியும் சாறு அவ்வழியே இறங்கக்கூடியது. தொட்டியில் வாயு எடுத்தபின் எஞ்சும் குழம்பையோ, நகரைச் சூழ்ந்த மிளகு, கொக்கோத் தோட்டங்களின் அடிமரத்திற் சேர்க்கலாம். அவற்றுக்கும் நகரச் சந்தைக்கும் இடையே சில மைல் தூரமே.