ஊர் வாட்ஸ்அப் குழுவை நடத்துவது எப்படி?

(பண்ணை ஒலிபரப்பில் ஸ்ரீரங்கம் பகுதி வாழை விவசாயி ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



1960களில் ஆடுதுறை 27 நெல் ரகம் நம்ம பக்கம் பரவினபோது, அதை 'ரேடியோ நெல்லு' என்றே பலரும் சொன்னார்கள். திருச்சி வானொலியில் கேட்டுவிட்டு விதை தேடிப் போனதால் வந்த பெயர் அது. அன்றைக்கு ஒருவர் பேசினார், ஊர் கேட்டது. இன்றைக்கு ஆளுக்கு ஒரு செல்போன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பேசுகிறோம். நல்லதுதான். ஆனால் சொல்லுக்குப் பொறுப்பு யார்?

என் தவறையே சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் 2022 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் உபரி நீர் வந்தது. கரையோரம் எல்லோருக்கும் பயம். அன்று ராத்திரி உடைந்த மதகின் படம் ஒன்று எனக்கு வந்தது. 'இப்போ உடைஞ்சுருச்சு' என்று எழுதியிருந்தது. நான் தேதி பார்க்கலே, ஒருத்தரையும் கேட்கலே. ஊர்க் குழுவில் தட்டிவிட்டேன். அது 2018-ல் எடுத்த பழைய படம்!

என் பங்காளி ஒருவர் மேட்டுக்கொல்லையில் பூவன் போட்டிருந்தார். இன்னும் இருபது நாள் நின்றால் முற்றும் தார்கள். விடியறதுக்குள்ளே ஆள் வைத்து அறுபது தார் வெட்டிவிட்டார். வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். அவர் கொல்லைக்குத் தண்ணீரே வரவில்லை. "நீ அனுப்பினியேன்னுதான் வெட்டினேன்" என்றார். எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசிச் சில முறைகளை வைத்துக்கொண்டோம். அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, குழு எதற்கு என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள். எங்கள் குழு தண்ணீர், பயிர், விலை மூன்றுக்கும் மட்டும். காலை வணக்கப் படமும் கட்சிப் பேச்சும் வேறு குழுவுக்குப் போகட்டும். நூறு படத்துக்கு நடுவே மதகு திறக்கிற சேதி வந்தால் யார் கண்ணில் படும்?

இரண்டாவது, அட்மின் ஒருவர் போதாது, மூன்று பேர் இருக்கட்டும். வெள்ள நாட்களில் அட்மின் மட்டும் சேதி போடும்படி செட்டிங்ஸில் மாற்றிவிடலாம். அப்போது குழு வானொலி மாதிரி ஆகிவிடும். தவறான சேதியை அட்மின் எல்லோருக்கும் சேர்த்தே அழிக்கலாம். அழித்தால் போதாது, 'அது தவறு' என்று எழுதவும் வேண்டும். பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே!

மூன்றாவது, யார் சொன்னது, எந்த ஊர், என்றைக்கு என்ற மூன்றும் இல்லாத சேதியை மேலே அனுப்பாதீர்கள். சேதியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். வெள்ளச் சேதி என்றால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். 1077-க்குப் போன் செய்யுங்கள்.

நான்காவது, பயிர் நோய். மஞ்சள் இலை ஒன்றைப் படம் பிடித்து 'என்ன மருந்து?' என்று கேட்கிறோம். வாடல் நோயிலும் இலை மஞ்சளாகும், சத்துக் குறைவிலும் ஆகும். முழு மரம், இலையின் அடிப்பக்கம், அடித்தண்டு மூன்றையும் படம் எடுங்கள். ரகம், வயது, கடைசியாக உரம் வைத்த நாள் சொல்லுங்கள். வாடல் நோய் என்றால் கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடு தெரியும். மருந்து அளவைக் குழுவில் கேட்டு அடிக்காதீர்கள். 'டேங்குக்கு ஒரு மூடி' என்பார்கள். எந்த மூடி? டேங்கில் 10 லிட்டரும் உண்டு, 16 லிட்டரும் உண்டு. சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ தாயனூர் வாழை ஆராய்ச்சி மையத்தையோ கேளுங்கள். 1800-180-1551 என்ற எண்ணுக்குப் பேசக் காசு கிடையாது.

ஐந்தாவது, விலை சொன்னால் எந்தச் சந்தை, எந்த ரகம், என்ன தரம், எந்த நாள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாவது, பணம். 'கிசான் தொகை வந்திருக்கு, இதைத் தொடுங்க' என்று ஒரு ஃபைல் வரும். பெயரின் வாலில் ஏ.பி.கே. என்று ஆங்கிலத்தில் இருந்தால் தொடவே தொடாதீர்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் சரி, அவர் போனே மாட்டியிருக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

கடைசியாக ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக முக்கியச் சேதியைக் குரலில் பதிந்து போடுங்கள், ஒரு நிமிஷத்துக்குள். பெண்களைக் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். அவர்கள் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்மதித்தால் கட்டாயம் சேருங்கள். களையும் அறுப்பும் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

விதையைப் பார்த்துத்தானே விதைக்கிறோம்? சேதியையும் பார்த்து அனுப்புவோம். என் பங்காளி இன்றும் குழுவில் இருக்கிறார். இப்போது அவரும் ஒரு அட்மின்.